நான் திருத்தாமல் விட்ட சொல்

ஒரு சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன். அதனால் ஒரு மனிதனின் வலது கையில் இரண்டு விரல்கள் இன்று மடங்குவதில்லை.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். மற்றவை விவரங்கள்.

விவரங்களையும் சொல்கிறேன். இருபத்தாறு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழின் கோவைப் பதிப்பில் செய்தி மேசையில் உட்கார்ந்தவன் நான். யார், எங்கே, எப்போது, எப்படி என்ற வரிசை இல்லாமல் எனக்கு எதையும் சொல்ல வராது. ஏன் என்ற கேள்வியும் அந்த வரிசையில் உண்டு. அதற்கு மட்டும் என்னிடம் இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை...

மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ். ஓய்வு பெற்றுத் திரும்பி வந்த இரண்டாம் ஆண்டில் எனக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிரஷ் கீழே விழுந்தது. குனிந்தேன்; வலது கை என்னோடு வரவில்லை. மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். வந்தது சொல் அல்ல, ஒரு சத்தம்.

வாழ்நாள் முழுவதும் பிறருடைய வாக்கியங்களைச் சரி செய்தவன். இப்போது என் வாக்கியத்தை என் மனைவி முடித்துவைத்தாள். கடைக்காரர் முடித்துவைத்தார். ஆட்டோக்காரர்கூட முடித்துவைத்தார். எல்லோரும் அன்பாகத்தான் செய்தார்கள். ‘எனக்கு ஒரு...’ என்று நான் தொடங்கினால், ‘சாயா?’ என்பார்கள். நான் கேட்க வந்தது செய்தித்தாள். சாயாவைக் குடித்துவிட்டு வருவேன்.

பஜார் ரோட்டில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் இலவச சிகிச்சை அறை ஒன்று இருக்கிறது. அக்கம்பக்கத்து வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்துவது. கீழே சுக்கு மூட்டைகள். மாடி முழுக்க அந்த வாசனை. கை விழுந்தவர்களுக்கும் வாய் குழறியவர்களுக்கும் அங்கே பயிற்சி கொடுப்பவள் ஜெஸ்னா. முப்பது வயதிருக்கும். ஒரே ஒருத்தி. அதனால் ஏழு பேருக்குத்தான் இடம். ஒருவர் குணமாகிப் போனால்தான் இன்னொருவர் வர முடியும்.

இன்று நான் கையெழுத்துப் போடுகிறேன். சட்டைப் பித்தானை நானே மாட்டுகிறேன். இந்தப் பக்கங்களை என் கையால் எழுதுகிறேன். எல்லாம் அவள் கொடுத்தது. இந்த நன்றியை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதைப் படித்த பிறகு நான் சொல்லும் நன்றியை நீங்கள் நம்பாமல் போகலாம்!

வாரம் மூன்று நாள் பயிற்சி. சனிக்கிழமை பிற்பகல் மட்டும் விளையாட்டு.

அது வேடம் எடுத்து ஆடும் கதை விளையாட்டு. மேடையும் ஒப்பனையும் கிடையாது. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேச வேண்டும். எடுத்த காரியம் நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். கல்லூரியில் ஜெஸ்னா இதில் பைத்தியமாக இருந்தாளாம். பகடையைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டுமே எடுக்க வேண்டும். அதுவே கைக்குச் சிகிச்சை. கூட்டத்தில் வாய்விட்டுப் பேச வேண்டும், அது நாக்குக்கு.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை இன்னொருவர் முடிக்கக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமை ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க எனக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. ஜெஸ்னாவோடு சேர்த்து ஏழு பேரும் காத்திருந்தார்கள். யாரும் தலையைக்கூட ஆட்டவில்லை... வீட்டுக்கு வந்து அழுதேன் என்று எழுதினால் மிகையாகிவிடும். அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டேன். அது உண்மை.

கதையில் எங்கள் ஊருக்குத் துருத்து என்று பெயர். மலையாளத்தில் தீவு. அந்த ஊரில் திடீரென்று ஒரு தையல்காரிக்கு அதிசய சக்தி வந்துவிடுகிறது. அவள் தொட்டால் எந்த நோயும் அந்த நொடியே போய்விடும். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று பேர்தான். அதற்கு மேல் தொட்டால் அவளுக்கு நினைவு தப்பிவிடும். தமிழில் நாம் கைராசி என்கிறோமே, இங்கே அதைக் கைப்புண்ணியம் என்பார்கள். கதையில் அவளுக்குக் கைப்புண்ணியக்காரி என்றே பெயர் வைத்தோம். அந்த வேடம் பிலோமினா சேச்சிக்கு. நிஜத்திலும் தையல்காரி, மணிக்கட்டு உடைந்து வந்தவர்.

இப்படி ஒருத்தி வந்தால் ஊர் என்ன செய்யும்? இதுதான் விளையாட்டு. ஜெஸ்னா கதையைச் சொல்லிக்கொண்டே வருவாள், நாங்கள் ஊராக இருப்போம்.

எங்கள் எல்லோருக்கும் அண்ணனான அபு இக்கா நிஜத்தில் படகு எஞ்சின் மெக்கானிக். பக்கவாதம் என்னைப் போலவே. கதையில் மீன் ஏலக்காரர். முதல் நாளே வரிசையை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஆத்யம் எந்தெ பல்லு!” முதலில் தன் பல்லாம்.

“இக்கா, அவிடெ ஒரு கொச்சு ரத்தம் வார்ந்து கிடக்குந்நு!” என்றார் பிலோமினா சேச்சி. அங்கே ஒரு குழந்தை ரத்தம் ஒழுகக் கிடக்கிறதே என்று.

“கொச்சினு சமயமுண்டு சேச்சீ. எனிக்கு நாளெ கல்யாண பிரியாணி தின்னணும்.”

குழந்தைக்கு இன்னும் காலம் இருக்கிறதாம்; பிரியாணி நாளைக்கே! சிரித்து முடிக்க எங்களுக்கு வெகுநேரம் ஆயிற்று. பாதி வாய்தான் சிரிக்கும், மறுபாதி பிறகு வந்து சேர்ந்துகொள்ளும்.

பகடை உருட்டினோம். பல் குணமானது.

அடுத்தடுத்த வாரங்களில் துருத்து என்ன ஆயிற்று என்பதை ஒரு செய்தியாளனாகச் சொல்கிறேன். முதல் வாரம் கைப்புண்ணியக்காரி வீட்டு வாசலில் பூ, பழம், ஒரு ஆடு. இரண்டாம் வாரம் தெருமுனையில் பிளெக்ஸ் போர்டு. அதில் அவள் படத்தைவிட வார்டு மெம்பர் படம் பெரிது. மூன்றாம் வாரம் அவள் தங்கள் ஆள் என்று கோயிலும் பள்ளிவாசலும் சர்ச்சும் சொல்லின. நான்காம் வாரம் மருந்துக் கடைகள் கதவடைப்பு. பிறகு வரிசைக்கு ஒரு கமிட்டி வந்தது. கமிட்டி வந்ததும் கமிட்டிக்காரர்களின் மைத்துனர்களுக்கு நோய் வந்தது.

நடக்க முடியாதிருந்த ஒருவனைத் தொட்டு எழுப்பினாள். ‘இனி வேலைக்குப் போ’ என்று வீட்டார் சொன்னார்கள். மறுநாள் அவன் வந்து அவளைத் திட்டினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கதவைத் திறக்கவில்லை. கூரையில் கல் விழுந்தது.

“எனிக்கும் ஒரு லீவு வேண்டே? நிங்ஙளுடெ அம்மைக்குப் பிறந்நவளல்லே ஞான்?” என்று பிலோமினா சேச்சி நிஜமாகவே கத்தினார். எனக்கும் ஒரு விடுப்பு வேண்டாமா, நானும் உங்கள் அம்மா பெற்ற பெண்தானே என்று. கல்லை எறிந்ததும் நாங்கள்தானே!

இந்த ஊரில் எனக்குக் கிடைத்த வேடம் வரிசைக் கிளார்க். யார் முன்னால், யார் பின்னால் என்று ஒரு நோட்டில் எழுதுபவன். வலது கையால் எழுதிப் பழகட்டும் என்று ஜெஸ்னா கொடுத்தது.

நான் எழுதிப் பழகினேன். நன்றாகவே பழகினேன்.

இங்கேதான் என் முதல் குற்றம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எங்களுக்குச் சோதனை உண்டு. ஒரு பலகை, அதில் ஒன்பது துளை. ஒன்பது குச்சிகளையும் செருகிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் போட வேண்டும். ஜெஸ்னா கடிகாரம் பிடிப்பாள். முப்பது விநாடிக்குள் முடித்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள். இடத்தை அடுத்தவருக்கு விட வேண்டும்.

ஆறாவது மாதம், வீட்டில் ஒரு அட்டைப்பெட்டியில் துளை போட்டு, தீக்குச்சிகளை வைத்துச் செய்து பார்த்தேன். இருபத்தாறு விநாடி. மறுபடி செய்தேன். இருபத்தைந்து!

மறுநாள் சோதனையில் ஐம்பத்திரண்டு விநாடி எடுத்துக்கொண்டேன். இரண்டு குச்சிகளைக் கீழே போட்டேன்.

“பரவாயில்ல சாரே,” என்று ஜெஸ்னா குனிந்து குச்சிகளைப் பொறுக்கினாள். “சாவகாசம் மதி.” மெதுவாக ஆனால் போதும் என்று.

அந்த மேசையை விட்டுப் போக எனக்கு மனமில்லை. வெளியே எல்லோரும் என் வாக்கியத்தை முடித்துவைப்பார்கள். இங்கே ஏழு பேர் காத்திருப்பார்கள். இது காரணமா, சாக்கா? எழுதும்போது காரணம் போலத்தான் தெரிகிறது. திரும்பப் படித்தால் சாக்கு.

ஒரு சனிக்கிழமை கதையில் அபு இக்காவின் ஏலக்காரர் மீண்டும் வரிசையில் வந்து நின்றார்.

“இக்காவுக்குத்தான் பல் சரியாகிவிட்டதே?” என்றேன் கிளார்க்காக.

“இனி வேறெ பல்லு வேதனிச்சாலோ?” வேறு பல் வலித்தால்?

மேசை அதிர்ந்தது. ஜெஸ்னா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “கிளார்க் சார் எந்து செய்யும்?”

குணமானவர் வரிசையில் நிற்கக் கூடாது என்று சொல்லி, அவர் பெயரின் மேல் கோடு போட்டேன். கோடு நேராக விழுந்தது. பிழை திருத்துபவன் போடும் கோடு. ஜெஸ்னாவின் பார்வை அதன் மேல் ஒரு கணம் நின்றது. அடுத்த பெயரை எழுதும்போது கையை வேண்டுமென்றே நடுங்கவிட்டேன்...

கைப்புண்ணியக்காரிக்குப் பெரிய பகை யார் என்று அன்று பேசினோம். மருந்துக் கடைக்காரர்கள் என்றார் ஒருவர். கமிட்டி என்றார் ஒருவர். கல் எறிந்தவர்கள் என்றார் பிலோமினா சேச்சி. எனக்குச் சரியான விடை தெரிந்திருந்தது. குணமாகியும் நகராதவன். நான் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது என்பதுபோலக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை செல்வியும் தங்கராசுவும் மாடிப்படி ஏறி வந்தார்கள்.

கள்ளக்குறிச்சிப் பக்கம். கொச்சிக்கு வந்து இரண்டு வருடம். தங்கராசு தரைக்கு டைல்ஸ் பதிக்கும் கொத்தனார், முப்பத்தைந்து வயது. டைல்ஸ் வெட்டும் மெஷின் வழுக்கி உள்ளங்கையைக் கிழித்திருந்தது. நரம்பு அறுந்தது என்றாள் செல்வி. விரலை மடக்கும் தசைநாரைத்தான் அப்படிச் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரியில் தைத்து, கட்டுப் பிரித்து, விரல் பயிற்சிக்குப் போங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். செல்வி கொச்சங்காடியில் ஒரு கிடங்கில் இஞ்சி தரம் பிரிக்கிறாள். கணவன் கையை இன்னொரு கையில் ஏந்திக்கொண்டு நின்றான்.

ஏழு இடமும் நிரம்பியிருந்தது. காலியாக இருந்திருக்க வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஜெஸ்னாவுக்குத் தமிழ் வராது. மலையாளத்தில் சொன்னாள்: “இப்போ ஒழிவில்ல சேச்சீ. சனியாழ்ச்ச தோறும் வந்நோளூ. அவசரம் உண்டெங்கில் அப்போ எடுக்காம்.”

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும்.

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. நம் முறை, நமக்குக் கிடைக்கும் சந்தர்ப்பம். ஜெஸ்னா சொன்னது இதுதான்: இப்போது இடமில்லை. சனிக்கிழமைதோறும் வாருங்கள். வாய்ப்பு இருந்தால் எடுத்துக்கொள்கிறேன். அப்படி வந்து காத்திருப்பவர்களுக்கு விளையாட்டுக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைக் காட்டிக் கொடுப்பது அவள் வழக்கம்.

தமிழில் அவசரம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

“சாரே, ஒந்நு தமிழில் பறஞ்ஞு கொடுக்குமோ?” என்று, அவர்களுக்குத் தமிழில் சொல்லிவிடும்படி என்னிடம் கேட்டுவிட்டு ஜெஸ்னா உள்ளே போனாள். படி வரை அவர்களோடு போனேன்.

“அண்ணே,” என்றாள் செல்வி. நான் தமிழ் பேசுவேன் என்று தெரிந்ததும் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். “ரொம்ப அவசரம்னா மட்டும் சனிக்கெழம வாங்க, எடுத்துக்கறோம்னு சொல்றாங்களாண்ணே?”

கோவை அலுவலகத்தில் என் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மலையாளச் செய்தியை மொழிபெயர்க்கும் புதியவர்களுக்காக நானே எழுதியது. இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி ஒலித்து, பொருளால் ஏமாற்றும் சொற்கள். முதலில் வெள்ளம், அங்கே அது தண்ணீர். இரண்டாவது மதி, அங்கே அது போதும். மூன்றாவது அவசரம். ஒரு முறை ‘இளைஞர்களுக்கு நிறைய அவசரங்கள் தேவை’ என்று ஒரு பேச்சு அச்சாகி, மறுநாள் திருத்தம் போட்டோம். அந்தத் திருத்தத்தை எழுதியதும் நான்.

செல்வி காத்திருந்தாள். என் வாக்கியத்தை அவளும் முடித்துவைக்கவில்லை என்பதைப் பின்னால்தான் நினைத்துப் பார்த்தேன்.

“ஆமாம்,” என்றேன்.

தெளிவாக வந்தது. குழறவே இல்லை!

“இவருக்கு வலி இல்லீங்கண்ணே. புண்ணு ஆறிடுச்சு. அப்ப அவசரம் இல்லதான?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். “எங்களவிட கஷ்டப்படறவங்க வருவாங்க. ரொம்ப நன்றிண்ணே.”

படி இறங்கிப் போனார்கள். நான் மேசைக்குத் திரும்பினேன். கிளார்க்கின் நோட்டைத் திறந்து துருத்தின் வரிசையை எழுதினேன்.

அறுந்து தைத்த தசைநார் அசையாமல் இருந்தால் உள்ளே ஒட்டிக்கொள்ளும். விரல் மரத்துண்டு மாதிரி ஆகிவிடும். அதற்கு வலிக்காது. அதுதான் அதன் குணம். வலியே இல்லாமல் கை போய்க்கொண்டிருக்கும். வலிக்கவில்லை, ஆகவே அவசரமில்லை என்று அவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஜெஸ்னா கேட்டாள். “சாரே, ஆ தமிழ்க்காரு பின்னெ வந்நில்லல்லோ? ஒந்நு விளிச்சு நோக்குமோ?” அந்தத் தமிழர்கள் பிறகு வரவில்லையே, ஒரு போன் செய்து பார்க்கிறீர்களா என்று. செல்வியின் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

நான் அழைக்கவில்லை. அடுத்த வாரம் மலையாளத்தில் சொன்னேன்: “போன் எடுக்கல. ஊருக்குப் போயிருப்பாங்க.”

ஜெஸ்னா தலையை ஆட்டினாள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்கள் சொல்லாமல் ஊருக்குப் போவார்கள் என்று இங்கே எல்லோருக்கும் ஒரு எண்ணம். அந்த எண்ணத்தில் என் பொய் நன்றாகப் பொருந்திக்கொண்டது. என் இனத்தவரைப் பற்றிய ஒரு ஏளனத்தை எடுத்து என் இடத்தைக் காத்துக்கொண்டேன்.

பதினோரு வாரம்.

பதினோராவது வாரத்தில் ஒரு நாள் கொச்சங்காடி வழியாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு சாயாக்கடையில் நின்று, “சர்க்கரை கொஞ்சமா, டிகாஷன் நல்லா, ஆடை இல்லாம,” என்று முழுதாகச் சொல்லிக் கேட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

“அண்ணே! என்னமா பேசறீங்கண்ணே!”

செல்வி. கிடங்கு வேலையிலிருந்து சாயா வாங்க வந்திருந்தாள். கையெல்லாம் இஞ்சி மண். என் வலது கையில் சாயா கிளாஸ் இருந்தது. சுடச்சுட, ஒரு துளி சிந்தாமல்.

“கையும் வந்துருச்சு! அய்யோ, எவ்ளோ சந்தோசமா இருக்குதுண்ணே! இவருகிட்ட சொல்றேன், அந்த அண்ணனுக்கே சரியாயிருச்சுன்னா நமக்கும் ஆயிரும்னு.”

நான் குணமாகிவிட்டேன் என்று முதன்முதலில் என் முகத்துக்கு நேராகச் சொன்னவள் அவள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு துளி கலப்பு இல்லை. வரிசையில் நிற்பவள், முன்னால் நின்றவனைப் பார்த்து மகிழ்ந்தாள்! எங்கள் துருத்தில் இப்படி ஒரு ஆளை நாங்கள் யாருமே கற்பனை செய்திருக்கவில்லை...

“அவர் கை எப்படி இருக்கு?” என்றேன்.

“வலியே இல்லீங்கண்ணே,” என்றாள். “மடங்கத்தான் மாட்டேங்குது.”

மறுநாள் ஜெஸ்னாவிடம் போய், சோதனை வையுங்கள் என்றேன். இருபத்துநான்கு விநாடி. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கூவினாள். சனிக்கிழமை பிலோமினா சேச்சி கேக் கொண்டுவந்தார். அபு இக்கா இடது கையால் என் முதுகில் அறைந்து, “வரிசை விட்டுப் போகுந்ந ஆத்யத்தெ கிளார்க்!” என்றார். வரிசையை விட்டுப் போகும் முதல் கிளார்க் நானாம். எல்லோரும் கை தட்டினார்கள். ஜெஸ்னாவின் கண் கலங்கியிருந்தது. தன் கைப்புண்ணியம் என்று அவள் ஒருபோதும் சொல்லவில்லை. சாரின் உழைப்பு என்றாள். நான் கேக் சாப்பிட்டேன்.

செல்வியின் எண்ணை அன்றுதான் அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

என் நாற்காலியில் அவன் வந்து உட்கார்ந்தான். ஜெஸ்னா அவன் கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கி, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள். கட்டை விரல் வந்தது. ஆள்காட்டி விரல், நடுவிரல் பாதி வந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் வரவில்லை. அவள் திரும்ப முயன்றாள். பிறகு அந்தக் கையை மெதுவாக மேசை மேல் வைத்தாள்.

“நேரத்தெ வந்நிருந்நெங்கில்...” என்றாள். முன்னமே வந்திருந்தால் என்று. பிறகு என்னைப் பார்த்தாள். “சாரே, தமிழில் பறயாமோ?”

தங்கராசுவும் செல்வியும் என்னைப் பார்த்தார்கள்.

“முயற்சி பண்ணலாம்னு சொல்றாங்க,” என்றேன்.

வாழ்க்கையில் நான் செய்த மிக மோசமான மொழிபெயர்ப்பு அது. செல்வி கை கூப்பினாள். முதலில் ஜெஸ்னாவைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து.

அன்று மாலை நான் கிளம்பும்போது ஜெஸ்னா கேட்டாள். சனிக்கிழமைகளில் வந்து உதவி செய்வீர்களா? தமிழ் பேசுகிறவர்கள் நிறைய வருகிறார்கள். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. விளையாட்டிலும் கிளார்க் வேண்டும்.

அந்த மேசையை விட்டு நான் போக வேண்டியதே இருக்கவில்லை! குணமானதை அன்றே சொல்லியிருந்தால் அன்றே கேட்டிருப்பாள். எட்டாவது நாற்காலி ஒன்று சுவரோரம் எப்போதும் கிடந்தது. அதை நான் பார்த்ததே இல்லை. வரிசையில் ஏழு இடம்தான் என்று எண்ணியவன் அவள் அல்ல, நான்.

இப்போது அதில்தான் உட்காருகிறேன். நன்றியோடு உட்காருகிறேன், பொய் சொல்லவில்லை. படி ஏறி வருகிற ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும் அவசரம் என்றால் இங்கே என்ன பொருள் என்று முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறேன். இதை ஒரு பரிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அச்சாகிப் போன பிழைக்கு மறுநாள் இதழில் இடம் இருந்தால்தான் திருத்தம். இரண்டு விரல்களுக்கு மறுநாள் இதழ் ஏது?

தங்கராசு டைல்ஸ் வேலைக்குத் திரும்பவில்லை. பூச்சுக் கரண்டி பிடியில் நிற்பதில்லை. கொச்சியின் பிராட்வேயில் ஒரு டைல்ஸ் கடையில் வருகிறவர்களுக்கு மாதிரி எடுத்துக் காட்டுகிறான். “உக்காந்து பாக்கற வேலைண்ணே, முட்டி தப்பிச்சுது,” என்று சிரிக்கிறான். ஜெஸ்னாவிடம் இதுவரை நான் சொல்லவில்லை. செல்வியிடமும் சொல்லவில்லை. எதற்காகச் சொல்லவில்லை? அவர்கள் மனம் உடையும் என்றா? சனிக்கிழமை சாயா வரும்போது முதல் கிளாஸை ‘அண்ணனுக்கு’ என்று எடுத்து நீட்டுகிறார்களே, அது நின்றுபோகும் என்றா? உங்களிடம் சொல்வது எளிது. நீங்கள் எனக்குச் சாயா தருவதில்லை.

போன மாதம் பிலோமினா சேச்சி தேறிப் போனார். கைப்புண்ணியக்காரியின் வேடம் தங்கராசுவுக்கு வந்தது. “பொம்பள வேசமா!” என்று வெட்கப்பட்டான். கைப்புண்ணியக்காரன் ஆக்கிக்கொண்டோம். இப்போது அவனுக்கு மலையாளம் தட்டுத் தடுமாறி வருகிறது. அபு இக்கா அவனை ‘மேஸ்திரி’ என்கிறார்.

கதையில் துருத்து அப்போது கலவரத்தில் இருந்தது. எறிந்த கற்களில் ஒன்று கிளார்க்கின் வாயில் பட்டு, அவனுக்குப் பேச்சு போய்விட்டது. மற்றவர்கள் அதிகம் பேசட்டும் என்று ஜெஸ்னா செய்த ஏற்பாடு. மூன்று வாரமாக நான் மேசையில் வாய் திறக்காமல் நோட்டை மட்டும் எழுதினேன். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

போன சனிக்கிழமை தங்கராசு இரண்டு பேரைத் தொட்டு முடித்திருந்தான். மூன்றாவது ஆளை அவனே தேர்ந்தெடுக்க வேண்டும். வரிசையில் கண் தெரியாத ஒரு மீனவன், காய்ச்சலில் ஒரு குழந்தை, வழக்கம்போல அபு இக்காவின் பல்.

“கிளார்க் அண்ணன்,” என்றான் தங்கராசு.

“ஆளு வரிசையில் இல்லல்லோ மேஸ்திரீ!” என்றார் அபு இக்கா.

“இல்லாட்டி என்னங்க இக்கா? வரிசை எழுதறவரு தன் பேர எழுதிக்குவாரா?” அவன் என் பக்கம் திரும்பினான். “இந்த ஊருக்கு வந்து எங்களுக்கு முதல்ல தமிழ்ல ஒரு வார்த்தை சொன்னது அண்ணன்தான்.”

பக்கத்தில் நின்ற செல்வி தலையை ஆட்டினாள்.

கட்டை விரலும் இன்னும் இரண்டு விரல்களும் பகடையை எடுத்தன. மற்ற இரண்டும் நீட்டியபடியே இருந்தன. உருட்டினான். பதினெட்டு. தாராளமாகப் போதும்.

“கிளார்க்கிற்குப் பேச்சு வந்துவிட்டது,” என்று ஜெஸ்னா மலையாளத்தில் அறிவித்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். “பற சாரே. ஆத்யத்தெ வாக்கு எந்தா?”

முதல் வார்த்தை என்ன... எல்லோரும் காத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்ல வேண்டிய வாக்கியம் முழுதாக, பிழை இல்லாமல், இரண்டு மொழியிலும் என்னிடம் இருந்தது.

“நன்றி, தம்பி,” என்றேன்.

கை தட்டினார்கள். தங்கராசு வெட்கத்தோடு பகடையை மேசை நடுவில் வைத்தான்.

“இனி ஆரா?” என்றாள் ஜெஸ்னா. அடுத்து யார்?

நோட்டைத் திறந்து, அடுத்த பெயரைத் தெளிவாக வாசித்தேன்.